பிரிடியும் பிபுனும்: ஒரு புரட்சியின் இரு தோழர்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தாய்லாந்து என்றதும் நம் செய்தித்தாள்களில் வருவது ராணுவப் புரட்சிதான். 2006இல் ஒன்று, 2014இல் இன்னொன்று. அங்கே படைத்தளபதிகள் ஏன் இப்படித் திரும்பத் திரும்ப ஆட்சியைப் பிடிக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேட இரண்டு பேருடைய வாழ்க்கையைப் பார்த்தாலே போதும் என்று நினைக்கிறேன்.

1927 பிப்ரவரியில் பாரிஸ் நகரில் சயாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) நாட்டு இளைஞர்கள் ஏழு பேர் ரகசியமாகக் கூடினார்கள். அவர்களில் ஒருவர் பிரிடி பனோம்யோங், சட்ட மாணவர், அயுத்தயாவின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. இன்னொருவர் பீரங்கிப் படைப் படிப்புக்கு வந்திருந்த இளம் அதிகாரி. பின்னாளில் பிபுன் சொங்கிராம் என்று உலகம் அறிந்தவர் அவர்தான். மன்னரின் வரம்பற்ற அதிகாரத்துக்கு முடிவு கட்டுவது என்று அங்கே தீர்மானித்தார்கள்.

1932 ஜூன் 24, விடியற்காலை. மன்னர் பிரஜாதிபோக் ஹுவாஹின் கடற்கரை அரண்மனையில் இருந்தார். பாங்காக்கிலோ, பயிற்சி இருக்கிறது என்று சொல்லிச் சிப்பாய்களை அரண்மனைச் சதுக்கத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், நண்பர்களே. புரட்சி செய்தவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் மக்கள் கட்சி. ஆனால் அங்கே நின்ற வீரர்களில் பெரும்பாலோருக்கே தாங்கள் எதற்கு வந்தோம் என்பது தெரியாது. கர்னல் பயா பஹோன் பிரகடனத்தை வாசித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பெரிதாக ரத்தம் சிந்தாமல் நடந்த மாற்றம் அது; அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என்றாலும் அன்று கோட்டைக் கதவைத் திறந்தவர்கள் சாவியை மக்களிடம் கொடுக்கவில்லை, அது படைமுகாமிலேயே தங்கிவிட்டது.

பிரிடி தயாரித்த அரசியல் சட்டம் மன்னரிடம் போனது. அவர் கையெழுத்திடும்போது 'தற்காலிக' என்ற சொல்லைத் தன் கைப்படச் சேர்த்தார். புதிய அரசோடு ஒத்துப்போகாமல் 1935இல் இங்கிலாந்தில் இருந்தபடியே முடி துறந்தார். என் அதிகாரத்தை மக்கள் அனைவருக்கும் விட்டுத்தரச் சம்மதம், எந்தத் தனி ஆளுக்கோ கூட்டத்துக்கோ அல்ல என்று அவர் எழுதிவிட்டுப் போனதை அந்நாட்டில் இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள்.

நிலத்தை அரசே வாங்கி உழவர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று 1933இல் ஒரு பொருளாதாரத் திட்டம் எழுதினார் பிரிடி. கம்யூனிஸ்ட் என்ற பழி விழுந்தது, சில மாதங்கள் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. திரும்பி வந்து 1934இல் தம்மசாத் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். அதே 1933இல் இளவரசர் பொவொரதேத்தின் கலகத்தை அடக்கிப் பேரெடுத்தவர் பிபுன். 1938 முடிவில் பிரதமர் ஆனார். சயாம் தாய்லாந்து ஆனதும், ஆணும் பெண்ணும் தொப்பி அணிய வேண்டும், வெற்றிலை போடக்கூடாது என்று உத்தரவுகள் வந்ததும் அவர் காலத்தில்தான். தலைமுறை தலைமுறையாக வெற்றிலை போட்ட வாயை அரசாணையால் கட்ட நினைத்த ஆட்சி எப்படிப்பட்டது என்று நம்மவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

1942 ஜனவரியில் ஜப்பான் பக்கம் சேர்ந்து பிரிட்டன், அமெரிக்கா மீது போர் அறிவித்தார் பிபுன். அப்போது அரசப் பிரதிநிதியாக இருந்த பிரிடி, அதே நகரில் இருந்துகொண்டே 'ரூத்' என்ற மறைபெயரில் ஜப்பானுக்கு எதிரான 'விடுதலைத் தாய்' (Free Thai) என்ற தாய்லாந்து மக்களின் ரகசிய இயக்கத்தை நடத்தினார். தோற்ற நாடாக நடத்தப்படாமல் தாய்லாந்து தப்பியதில் அந்த இயக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

அதற்குக் கிடைத்த கைம்மாறு என்ன? 1946 ஜூன் 9 காலை, இருபது வயது மன்னர் ஆனந்த மகிதோல் படுக்கையறையில் குண்டு பாய்ந்து இறந்து கிடந்தார். பிரிடிதான் பிரதமர். மன்னரைக் கொன்றவர் பிரிடி என்று திரையரங்கில் ஒருவர் கூவினார். வதந்தி ஊரெல்லாம் பரவியது. அவர்மீது அது ஒருநாளும் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் 1947 நவம்பரில் ராணுவம் ஆட்சியைப் பிடிக்க அது போதுமானதாக இருந்தது. அடுத்த ஆண்டு பிபுன் மறுபடி பிரதமர். மன்னரின் சாவுக்காக 1955இல் அரண்மனைப் பணியில் இருந்த மூன்று பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

துப்பாக்கியை நம்பியவரையும் துப்பாக்கி விடவில்லை. 1951இல் கடற்படையினர் பிபுனைப் பிடித்துக் கப்பலில் வைத்தார்கள். அவர் உள்ளே இருக்கும்போதே அரசின் விமானங்கள் அந்தக் கப்பல்மீது குண்டு போட்டன. நீந்திக் கரையேறினார். 1957இல் தளபதி சரித் அவரைத் துரத்தினார். பிபுன் 1960இல் நம் புத்தகயாவுக்கு வந்து துறவு பூண்டார். 1964இல் ஜப்பானில் காலமானார். பிரிடி இருபது ஆண்டுகளுக்கு மேல் சீனாவில் இருந்துவிட்டு, 1983இல் பாரிஸ் அருகே இறந்தார்.

சரித் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். ஜூன் 24 அதுவரை தேசிய நாள். 1960இல் அதை நீக்கி, மன்னர் பூமிபாலின் பிறந்த நாளான டிசம்பர் 5ஐ அந்த இடத்தில் வைத்தார். அரண்மனையும் படைமுகாமும் கைகோத்த காலம் அங்கிருந்து வலுப்பெற்றது. பிரிடி கட்டிய தம்மசாத்தில் 1976 அக்டோபர் 6 அன்று மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். பயா பஹோன் நின்று வாசித்த இடத்தில் பதித்திருந்த பித்தளைத் தகடு 2017 ஏப்ரலில் காணாமல் போய், வேறொன்று அங்கே இருந்தது. 2020 செப்டம்பரில் மாணவர்கள் அரண்மனைக்கு அருகே புதிய தகடு ஒன்றைப் பதித்தார்கள். ஒரு நாளுக்குள் அதையும் பெயர்த்தெடுத்துவிட்டார்கள்.