முப்பத்தோராம் விதி

(ஓர் இணைய ஆய்வு வட்டத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

நம் வட்டத்துக்கு நடத்தை விதிகள் எழுதுகிறோம், அதைப் பற்றி வந்து பேசுங்கள் என்று கேட்டார்கள். வரைவு இருந்தால் அனுப்புங்கள் என்றேன். வந்தது. மொத்தம் 34 விதிகள். இரவு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். 29 விதிகள் 'கூடாது' என்று முடிகின்றன. காலை வணக்கப் படம் கூடாது, ஃபார்வர்டு கூடாது, பிறந்தநாள் வாழ்த்து கூடாது, இரவு பத்து மணிக்கு மேல் பதிவு கூடாது. எல்லாம் சரிதான். 31ஆம் விதி மட்டும் வேறு சாதி: 'அட்மின் எடுக்கும் முடிவே இறுதியானது.' இன்று நான் பேசப்போவது பெரும்பாலும் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். எழுதியவர் இந்த அரங்கில்தான் இருப்பார், கோபித்துக்கொள்ள வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன்னால் இதே வரியை நானும் எழுதியிருக்கிறேன்.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்வெட்டு வாசிக்கும் குழு ஒன்று வாட்சாப்பில் இருந்தது. நூறு பேருக்கு மேல். நான் அட்மின். ஒருநாள் மாலை ஒரு மைப்படியின், அதாவது கல்லெழுத்தின்மேல் தாளை ஒற்றி மையிட்டு எடுத்த படியின், படம் வந்தது. பழைய கல்லில் புள்ளி வைக்கமாட்டார்கள். துணைக்காலும் ரகரமும் ஒரே கோடு போலத்தான் இருக்கும். அதனால் ஒரு சொல்லைக் 'காணம்' என்றும் படிக்கலாம், 'கரணம்' என்றும் படிக்கலாம். ஒன்று காசு, இன்னொன்று ஊர்க்கணக்கர். மூத்தவர் ஒருவர் காணம் என்று படித்துப் பொருளும் சொல்லிவிட்டார். ஓர் ஆய்வு மாணவி, "ஐயா, கரணமாக இருக்குமோ? அடுத்த வரியில் கணக்கு என்று வருகிறதே" என்று கேட்டார். பதில் வந்தது: "முதலில் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிக்கொண்டு வாம்மா." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். அந்தப் பெண் விடாமல், இரண்டு எழுத்துக்கும் உள்ள உயர வேறுபாட்டை வட்டம் போட்டுக் காட்டி இன்னொரு பதிவு போட்டார்.

நான் அந்தப் பதிவை அழித்தேன். விதிப்படிதான் அழித்தேன். 'மூத்த அறிஞர்களை மறுத்து வாதிடக்கூடாது' என்று எங்கள் குழுவில் ஒரு விதி இருந்தது. இரவு பதினொன்றரைக்கு, இன்னார் வெளியேறினார் என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது. அவ்வளவுதான், வேறு சத்தம் இல்லை. அடுத்த ஆண்டு மார்கழியில், சாய்வெயிலில், அந்தக் கல்லை நேரில் போய்ப் பார்த்தோம். கரணம்தான்.

விதி என்றால் மேல்நாட்டுச் சரக்கு என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. அது சரியில்லை. நன்னூல் பாயிரத்தில் எழுமதம் வருகிறதே, நூல் எழுதுபவர் எடுக்கத்தக்க ஏழு நிலைப்பாடுகள், உங்களில் பாதிப் பேருக்கு மனப்பாடமாக இருக்கும். உடன்படல், மறுத்தல், பிறர் மதத்தை முதலில் ஏற்றுப் பின் களைதல், தானே ஒன்றை நாட்டி நிறுவுதல், இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், பிறர் மதத்தோடு ஒட்டாமல் தன் மதம் கொள்ளல். மறுக்க இடம் இருக்கிறது, குற்றம் காட்டவும் இடம் இருக்கிறது. காட்டும் குற்றம் நூலின் குற்றம். ஆளைச் சொல்லிக் காட்டுவதற்கு எட்டாவதாக ஒரு மதம் நன்னூல் எழுதிய பவணந்தியார் வைக்கவில்லை. நான் அந்த எட்டாவதை விட்டுவைத்து, இரண்டாவதை அழித்தவன்.

சரி, நல்ல விதி எப்படி இருக்கும்? நான் பார்த்ததில் எனக்கு மிகவும் பிடித்தவை கணிதக்காரர்கள் எழுதியவை. 2009 சனவரியில் திமத்தி கவர்சு என்ற கேம்பிரிட்ச் கணித அறிஞர், 1998இல் ஃபீல்ட்சு பதக்கம் வாங்கியவர், இணையத்தில் ஒரு கேள்வி கேட்டார்: ஒரு கடினமான கணக்கை நிறையப் பேர் திறந்தவெளியில் சேர்ந்து போட முடியுமா? எடுத்துக்கொண்டது ஹேல்சு–ஜூவெட் தேற்றத்தின் அடர்த்தி வடிவம். நாம் சின்ன வயதில் ஒன்பது கட்டத்தில் வட்டமும் பெருக்கலும் போட்டு ஆடுவோமே, அந்த ஆட்டத்தைப் பல பரிமாணங்களுக்குக் கொண்டுபோனால் வரும் கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1991இலேயே நிறுவிவிட்டார்கள், ஆனால் சுற்றுவழியில். நேர்வழி வேண்டும் என்றார் கவர்சு.

தொடங்குவதற்கு முன்னால் அவர் போட்ட விதிகளைப் பாருங்கள். குறிப்பு சின்னதாக, மற்றவருக்குப் புரிகிற மாதிரி இருக்கட்டும். முழுக்க யோசித்து முடிக்காத அரைகுறை எண்ணத்தையும் போடலாம், அதற்கு வரவேற்பு உண்டு. இன்னொருவர் சொன்னது அபத்தம் என்று தெரிந்தால் மரியாதையாகச் சுட்டிக்காட்டலாம். ஆனால் 'அபத்தம்' என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர்கள், உங்களைப் பற்றி நீங்களே சொல்லிக்கொள்வதைத் தவிர. சிரிக்கிறீர்கள். என் குழுவில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் அந்தப் பெண் போயிருக்கமாட்டார். இன்னொரு விதி இன்னும் நுட்பம்: இரண்டு வாரம் தனியாக உட்கார்ந்தால் விடை கிடைத்துவிடும் என்று உங்களுக்குத் தோன்றினாலும் போகாதீர்கள், யோசனையை இங்கேயே சொல்லுங்கள். கடைசியில் கட்டுரை வந்தால் தனி ஆள் பெயரில் வராது, பொதுப்பெயரில் வரும். உரையாடல் முழுவதும் அழியாமல் இருக்கும், யார் எதைச் சொன்னார் என்று எவரும் போய்ப் பார்க்கலாம்.

37 நாளில் 27 பேர் ஏறத்தாழ 800 குறிப்புகள் எழுதினார்கள். சுமார் 1,70,000 சொற்கள். டெரன்சு டாவ் போன்ற பெரிய தலைகளும் இருந்தார்கள், பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரும் இருந்தார். நிறுவல் கிடைத்தது. 2012இல் கணிதத்தின் மிக உயர்ந்த ஆய்விதழ்களில் ஒன்றில் 'டி.எச்.ஜே. பாலிமேத்' என்ற பெயரில் வெளிவந்தது. அப்படி ஒரு மனிதர் கிடையாது. முன்னெழுத்துகள் தேற்றத்தின் பெயரிலிருந்து வந்தவை. நம் பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு கட்டுரையைக் கொடுத்தால் பதவி உயர்வுக்கு எத்தனை மதிப்பெண் போடுவார்கள் என்று கேட்காதீர்கள், அது வேறு சொற்பொழிவு.

நான் கவனித்தது இது. அந்த விதிகள் யாரையும் அடக்குவதற்காக எழுதப்பட்டவை அல்ல. வேலை எங்கே தடைப்படும் என்று முன்கூட்டி யோசித்து எழுதியவை. கூச்சம், புகழாசை, ஒளித்துவைக்கும் பழக்கம், இந்த மூன்றும்தான் ஆய்வுக்கூட்டத்தைக் கெடுப்பவை. காலை வணக்கப் படம் எந்த ஆய்வையும் கெடுத்ததில்லை.

ஆனால் பாலிமேத் என்ற இந்தக் கூட்டு முயற்சியிலும் ஒரு குறை உண்டு. கவர்சு நல்லவர், அதனால் நடந்தது. நல்லவர் போய் இன்னொருவர் வந்தால்? தடி எடுத்தவன் தண்டல்காரன் என்று ஆகிவிடாதா? இங்கேதான் விதி முடிந்து ஆட்சி தொடங்குகிறது.

எலினோர் ஆசுட்ரம் என்ற அமெரிக்க அறிஞர், பொருளியலுக்கான நோபல் பரிசை 2009இல் வாங்கினார். அதைப் பெற்ற முதல் பெண். மீன்பிடி, மேய்ச்சல், பாசனம் என்று மக்கள் பொதுவில் அனுபவிக்கும் வளங்கள் எங்கே நீடித்தன, எங்கே பாழாயின என்று பார்த்தவர். நீடித்த இடங்களில் சில பொதுக்கூறுகள் இருந்தன. விதிக்கு உட்பட்டவர்களே விதியை மாற்ற முடிந்தது. கண்காணிப்பவர் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவராக இருந்தார். தண்டனை சிறியதிலிருந்து தொடங்கிப் படிப்படியாக ஏறியது. சச்சரவைத் தீர்க்கப் பக்கத்திலேயே, செலவில்லாத ஓர் இடம் இருந்தது.

ஏரிப்பாசன ஊரில் பிறந்தவர்களுக்கு நீர்க்கட்டியைத் தெரிந்திருக்கும். மடை திறப்பவர் அவர். யாருக்கு எவ்வளவு, எந்த முறையில் என்பதை ஊர் தீர்மானிக்கும். பல ஊர்களில் அவருக்கு அந்த ஆயக்கட்டில் துண்டு நிலம்கூட இருக்காது. தண்ணீரில் பங்கில்லாதவர் என்பதால் பாரபட்சம் பார்க்கமாட்டார் என்ற நம்பிக்கை. அவருக்கு ஏன் நிலம் இல்லாமல் போயிற்று என்று கேட்டால் சாதிதான் விடை. ஆகவே இதைப் பொற்காலக் கதையாக நான் சொல்லவில்லை. திறப்பவர் வேறு, தீர்மானிப்பவர் வேறு என்ற அந்தப் பிரிவினையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம் வட்டத்தில் மடை திறப்பவரும் முறை வைப்பவரும் வழக்குத் தீர்ப்பவரும் ஒரே அட்மின்.

தமிழில் இதை ஓரளவு நன்றாகச் செய்துகாட்டியவர்கள் தமிழ் விக்கிப்பீடியர்கள். 2003இல் தொடங்கியது. பொது உரையாடலுக்கு ஓர் இடம் வைத்து அதற்கு ஆலமரத்தடி என்று பெயரிட்டார்கள். இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை. கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா, ரஷ்யாவா உருசியாவா, ஆஸ்திரேலியாவா அவுஸ்திரேலியாவா என்று அங்கே நடந்த சண்டைகளைப் படித்தால் ஒரு வாரம் போய்விடும். படித்துப் பாருங்கள், வீண் போகாது. ஈழத்து வழக்கும் தமிழகத்து வழக்கும் ஒரே பந்தியில் உட்கார வேண்டிய இடம் அது. பெரும்பான்மை வாக்கைக் காட்டி மூடிவிடாமல், இணக்க முடிவு வரும்வரை பேசுவது அவர்கள் முறை. சிலர் சலித்துப்போய் விலகவும் செய்தார்கள், மறைப்பதற்கில்லை.

2009 வாக்கில் கூகிள் நிறுவனம் கூலிக்கு ஆள் வைத்து ஆங்கிலக் கட்டுரைகளை மொழிபெயர்ப்புக் கருவி வழியாகத் தமிழில் கொண்டுவந்து கொட்டியது. கட்டுரை எண்ணிக்கை ஏறியது. நடையோ வாய்க்குள் போகாத நடை. எழுதியவர்கள் உரையாடல் பக்கத்துக்கு வந்து பதில் சொல்லும் ஆட்களும் இல்லை. தமிழ்ப் பயனர்கள் குறைகளைப் பட்டியலிட்டு நிறுவனத்தோடு பேசினார்கள். 2010இல் போலந்தின் கதான்சுக் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் அந்த ஆய்வை அறிக்கையாகவே படித்தார்கள். சம்பளம் வாங்காத ஒரு சிறு கூட்டம் அவ்வளவு பெரிய நிறுவனத்திடம் 'இங்கே எங்கள் தரம் இது' என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், தரம் இன்னது என்று ஏற்கெனவே தங்களுக்குள் பேசி எழுதிவைத்திருந்ததுதான்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் 2019 சூனில் வேறு விதமாக நடந்தது. அங்கே சச்சரவைத் தீர்க்கப் பயனர்களே தேர்ந்தெடுக்கும் நடுவர் குழு உண்டு. அதைத் தாண்டி, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை ஒரு நிருவாகியை நேரடியாக ஓராண்டுக்குத் தடைசெய்தது. சான்றுகளை வெளியிடவில்லை, முறையிட்டவர்களைக் காப்பதற்காக என்றது. இருபதுக்கும் மேற்பட்ட நிருவாகிகள் பொறுப்பைத் துறந்தார்கள். கடைசியில் வழக்கு நடுவர் குழுவின் கைக்கு வந்தது. குழு தடையை நீக்கியது. ஆனால் அவருடைய நிருவாகப் பொறுப்பைத் திருப்பித் தரவில்லை. இதில் யார் பக்கம் என்று என்னைக் கேட்டால் தயங்குவேன். முறையிட வந்தவரின் பெயரை ஊரறியச் சொல்லச் சொல்வதும் கொடுமைதான்; என் குழுவை விட்டுப் போன அந்த மாணவி யாரிடம் போய் முறையிட்டிருப்பார்? ஆனால் பொறுப்பைத் திருப்பித் தராத அந்தத் தீர்ப்பைத் தாங்கள் தேர்ந்தெடுத்த குழு கொடுத்தபோது கூட்டம் ஏற்றுக்கொண்டது என்பதைக் கவனியுங்கள்.

இனி சாவி, அதாவது பெயரும் பதிவுகளும் யார் கையில் என்ற கேள்வி. மேத்ஓவர்ஃபுளோ என்று ஆய்வுநிலைக் கணிதக்காரர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் தளம் ஒன்று உண்டு. 2009இல் பெர்க்லியின் இளம் கணித ஆய்வாளர்கள் தொடங்கியது. 2013இல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சு என்ற வணிக நிறுவனத்தின் வலைக்குள் போனார்கள், வசதி வேண்டுமே. ஆனால் சும்மா போகவில்லை. முதலில் இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்றைப் பதிவுசெய்து, பெயர் அந்த அமைப்புக்கே சொந்தம், பிடிக்காவிட்டால் எழுதியதையெல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டு போனார்கள். குடிபோகும்போதே காலிசெய்வதற்கும் பத்திரம் எழுதியவர்கள்.

அதன் அருமை 2023இல் தெரிந்தது. செயற்கை நுண்ணறிவு எழுதிய பதில்களை நீக்குவதில் அந்த நிறுவனம் தன்னார்வ நிருவாகிகளின் கையைக் கட்டியது. வெளியே சொன்ன விதி ஒன்று, தங்களுக்கு உள்ளே தந்த விதி வேறு என்று அவர்கள் குற்றம் சாட்டினார்கள். சூன் 5 அன்று வேலைநிறுத்தம் தொடங்கி ஆகத்து வரை நீண்டது. அதே சமயத்தில், பதில்களின் முழுத் தொகுப்பை எவரும் இறக்கிக்கொள்ளும் வசதியையும் நிறுவனம் நிறுத்திவைத்திருந்தது; கூச்சல் எழுந்த பிறகே திரும்ப வந்தது. மற்றவர்கள் தவித்தபோது, கணிதக்காரர்களிடம் மட்டும் கைவசம் ஒரு பத்திரம் இருந்தது.

அச்சு உலகத்திலும் இதே பாடம்தான். 2015இல் 'லிங்குவா' என்ற மொழியியல் இதழின் ஆசிரியர் ஆறு பேரும், ஆசிரியர் குழுவின் 31 பேரும் பதிப்பகத்தோடு முரண்பட்டு ஒன்றாக விலகினார்கள். பெயர் பதிப்பகத்துக்குச் சொந்தம், எடுத்துப்போக முடியவில்லை. 'குளாசா' என்று புதுப்பெயரில் தொடங்க வேண்டியதாயிற்று.

இப்போது உங்கள் வரைவுக்கு வருகிறேன். இந்த வட்டத்தில் ஒன்பது ஆண்டுப் பதிவுகள் இருக்கின்றன என்று சொன்னார்கள். எல்லாம் ஒரே எண்ணில், ஒருவருடைய கைப்பேசியில். அந்தக் கைப்பேசி கிணற்றில் விழுந்தால்? இன்றைக்கே மூன்று பேர் கையில் படி இருக்கட்டும், அதில் ஒருவர் வெளியூர்க்காரராக இருக்கட்டும். அட்மின் மூவர், இரண்டாண்டுக்கு ஒருமுறை மாறட்டும். பதிவை நீக்கினால் காரணத்தை ஒரு வரியில் எழுதிவைக்கட்டும். முதல் தவறுக்குத் தனிச்செய்தி, இரண்டாவதற்கு ஒரு வார ஓய்வு, வெளியேற்றம் அதற்கும் பிறகு. அட்மின்மேல் புகார் என்றால் அட்மின் அல்லாத இருவர் கேட்கட்டும், அவர்களில் ஒருவராவது முனைவர் பட்டம் வாங்காதவராக இருக்கட்டும். ஏன் என்று என் கதை கேட்டவர்களுக்குத் தெரியும்.

பிறந்தநாள் வாழ்த்துக்கு என்ன செய்வது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், அதில் எனக்குக் கருத்தில்லை. 31ஆம் விதியை இப்போதே எடுத்துக்கொள்வோம். வரைவு எல்லார் கையிலும் இருக்கிறதா? பின்வரிசையில் அந்தத் தங்கை முதலில் கை தூக்கினார். மைக்கை அவரிடம் கொடுங்கள்.