பட்டியிலேயே வளரும் காவல்காரன்

அனைவருக்கும் வணக்கம்.

ஆட்டுக்கு நாய்க் காவல் என்றதும் "எந்த ஜாதி, என்ன விலை?" என்றுதான் முதலில் கேட்பீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் ஆப்பிரிக்காவில் இருக்கும் நமீபியாவுக்குப் போய் வருவோம்.

1980களில் அந்த நாட்டுப் பண்ணைக்காரர்கள் ஆயிரக்கணக்கான சிவிங்கிப்புலிகளைச் சுட்டும் கூண்டு வைத்துப் பிடித்தும் ஒழித்தார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. கையில் இருக்கும் பத்து ஆட்டில் இரண்டு போனால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். அங்கே போய் 1990இல் சிவிங்கிப்புலிகளுக்கான பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கிய லாரி மார்க்கர், கொல்லாதே என்று உபதேசம் செய்வதோடு நிற்கவில்லை. 1994 முதல் துருக்கி நாட்டு ஆட்டுக்காவல் நாய்களின் குட்டிகளை விவசாயிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். 2022இல் நம் மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்கு முதலில் வந்த எட்டு சிவிங்கிகளும் அந்த நமீபியாவிலிருந்து வந்தவைதான்.

இந்த நாய்க்கு 'உட்கார்', 'எழுந்திரு' எதுவும் சொல்லித் தருவதில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய நான்கு மாதம்வரை எவற்றோடு புழங்குகிறதோ, அவற்றைத்தான் குட்டி தன் கூட்டமாக நினைக்கும். அதனால் சோறு பட்டியில், தூக்கம் ஆடுகளுக்கு நடுவில். பிள்ளைகள் வீட்டுக்குத் தூக்கிப்போய்க் கொஞ்ச ஆரம்பித்தால் போச்சு! ஆடு மேய்ச்சலுக்குக் கிளம்பும்போது அது வாசலில் படுத்திருக்கும். அதற்காகத் தொடவே கூடாது என்றில்லை. ஊசி போடவும் உண்ணி பிடுங்கவும் பிடித்தால் நிற்கிற அளவுக்குப் பழக்கம் வேண்டும்.

அப்புறம் விளையாட்டு வயது வரும். ஆட்டுக்குட்டியைத் துரத்தும், காதைக் கவ்வும், வாலைப் பிடித்து இழுக்கும். மேய்ப்பவர் அங்கேயே அதட்டி நிறுத்த வேண்டும். "இது உருப்படாது" என்று பலர் கைகழுவுவது இந்தக் கட்டத்தில்தான். முழுக் காவலுக்குத் தேற ஒன்றரை, இரண்டு வயது ஆகும். அதுவரை பொறுமை இல்லாதவருக்கு நாய் வேண்டாம், வேலி போதும்.

சரி, நாய் சிவிங்கியோடு மல்லுக்கு நிற்குமா? பெரும்பாலும் தேவைப்படாது. சிவிங்கி ஓடிப் பிழைக்கிற விலங்கு. காலில் காயம் பட்டால் பட்டினிதான். ஐம்பது கிலோ நாய் ஆட்டுக்கு முன்னால் வந்து நின்று குரைத்தால், வம்பு வேண்டாம் என்று வேறு பக்கம் போய்விடும். குள்ளநரி விஷயம் அப்படியில்லை. சில நாய்கள் அதைக் கடித்துக் கொன்றே விடுகின்றன. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இப்போது ஜாதிக்கு வருகிறேன். அமெரிக்காவின் தென்மேற்கில் நவாஹோ பழங்குடி மக்கள் சாதாரணக் கலப்பு நாய்களையே இப்படிப் பட்டியில் வளர்த்துக் காவலுக்கு வைக்கிறார்கள். சிப்பிப்பாறை மாதிரி ஓடுவதைத் துரத்தவென்றே வளர்த்த ஜாதியை மட்டும் தவிருங்கள். குட்டி வாங்கப் போகும்போது தாய் நாய் எங்கே படுக்கிறது என்று பாருங்கள். ஆடுகளோடு படுக்கிறது என்றால் விலையைப் பேசலாம்.