டிராவல் ட்ரெய்லருக்குள்ள கொக்கி மாட்டப் போறீங்களா? முதல்ல சுவரைத் தட்டிப் பாருங்க

வணக்கம் மக்களே. இப்ப நான் நிக்கிறது அமெரிக்காவுல டெக்சாஸ்ல, எங்க டிராவல் ட்ரெய்லருக்குள்ள, அதாவது வண்டிக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற சக்கரம் வச்ச குட்டி வீடு. நாங்க நாலு பேரு, அப்படின்னா நாலு டவல், நாலு ஜாக்கெட், நாலு பை, அது போக சாவி, டார்ச், கரண்டி, துடைக்கிற துணி, எல்லாத்துக்கும் மேல அம்மா ஊர்லேர்ந்து குடுத்துவிட்ட இரும்பு தோசைக்கல்லு. கீழ வைக்க இடமே கிடையாது, தொங்கதான் விடணும். வீட்ல பண்ற மாதிரி ஒரு கொக்கி வாங்கிட்டு வந்து டிரில் எடுத்துராதீங்க, ஒரு நிமிஷம் இதைக் கேளுங்க.

(சுவரைத் தட்டும் சத்தம்)

கேக்குதா, டொக் டொக்னு வெத்து டப்பா மாதிரி? பாக்க நல்ல கனமான சுவர் மாதிரிதான் தெரியும், ஆனா நிறைய ட்ரெய்லர்ல நீங்க தொடுறது வெறும் 1/8 இன்ச் பிளைவுட், கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர், அது மேல வினைல் பேப்பர் ஒட்டியிருக்காங்க, அவ்ளோதான். இங்க வீட்ல சுவரா இருக்கற டிரைவால், அதாவது ஜிப்சம் பலகை, பொதுவா 1/2 இன்ச் கனம். அதுக்குன்னு செஞ்ச பிளாஸ்டிக் ஆங்கரை, அதாவது ஸ்க்ரூ பிடிக்கறதுக்கு ஓட்டைக்குள்ள சொருகுற பிளக்கை, இதுல போட்டா அது கடிச்சுப் பிடிக்க இங்க கனமே இல்ல, ரெண்டு நாள் நிக்கும், அப்புறம் ரோட்ல வண்டி ஆட ஆட ஓட்டை பெருசாகி டவலோட சேந்து கீழ வந்துரும்.

உங்க வண்டி எந்த வகைன்னு வெளிய போய் பாத்தாலே ஓரளவுக்குத் தெரிஞ்சுரும். வெளிப்பக்கம் வரிவரியா மடிச்ச அலுமினியத் தகடு இருந்தா உள்ள மரச்சட்டம். வழுவழுன்னு ஃபைபர்கிளாஸா இருந்தா பெரும்பாலும் அலுமினியக் குழாய் சட்டம், நடுவுல ஃபோம், எல்லாம் ஒண்ணா ஒட்டுனது. ஏர்ஸ்ட்ரீம்ங்கற கம்பெனியோட அலுமினிய ட்ரெய்லர் வச்சிருக்கவங்களுக்குக் கதையே வேற, உள்ளயும் அலுமினியத் தகடு, காந்தக் கொக்கி வாங்கிட்டு வந்து ஏமாறாதீங்க, அலுமினியத்துல காந்தம் ஒட்டாது.

மரச்சட்டம் இருக்கற வண்டியா இருந்தா சட்டம் எங்க ஓடுதுன்னு கண்டுபிடிக்க ஒரு வழி காட்டுறேன், பாருங்க. சின்ன நியோடிமியம் காந்தத்தை நூல்ல கட்டி சுவரை ஒட்டி மெதுவா நகர்த்துறேன்... இங்க, பாத்தீங்களா, நூல் சாஞ்சு காந்தம் சுவர்ல போய் டிக்னு ஒட்டுது. அந்த எடத்துல பிளைவுட்டைச் சட்டத்தோட சேத்து அடிச்ச ஸ்டேப்பிள் பின் இருக்கு. அதுக்கு நேர் மேலயும் கீழயும் தேடி இன்னும் ரெண்டு மூணு பின் கிடைச்சா சட்டம் அதுதான், பென்சில்ல ஒரு கோடு போட்டுக்கோங்க. வீட்ல மாதிரி 16 இன்ச்சுக்கு ஒண்ணு இருக்கும்னு நம்பி அளவு எடுக்காதீங்க, இங்க ஜன்னல், அலமாரிக்குத் தக்கன எங்க வேணா இருக்கும்.

ஸ்க்ரூ நீளம் ரொம்ப ரொம்ப முக்கியம். சுவர் மொத்தமே ஒண்ணரை ரெண்டு இன்ச்தான், அதுக்குள்ளதான் 12 வோல்ட் வயர், 120 வோல்ட் வயர், சில எடத்துல தண்ணி பைப்பு எல்லாம் ஓடுது. நான் 3/4 இன்ச்சுக்கு மேல போறதே இல்ல. ஸ்விட்ச், பிளக், லைட்டுக்கு நேர் மேல கீழ டிரில் வைக்கவே வைக்காதீங்க. கூரைல வேண்டவே வேண்டாம், அதுக்கு மேல இருக்கறது பல வண்டில ஒரு ரப்பர் ஷீட்டுதான், அதுல ஒரு பொத்தல் விழுந்தா தண்ணி இறங்கி மரம் ஊறி அழுகினதுக்கு அப்புறம்தான் நமக்கே தெரியும்.

சரி, எங்கதான் மாட்டுறது? அலமாரிக் கதவைச் சுத்தி இருக்கற சட்டம், பங்க் பெட் தூண், இதெல்லாம் கெட்டி, தைரியமா போடலாம். டவலுக்கு நான் பண்ணது இந்தப் பலகை. 1x4 பலகை ஒண்ணு வாங்கி, ரெண்டு மரச்சட்டத்துக்கு வர்ற மாதிரி வெட்டி, சட்டத்துல மட்டும் ஸ்க்ரூ போட்டு இறுக்கிட்டேன், 1x4ன்னு பேர் இருந்தாலும் பலகையோட கனம் நிஜத்துல 3/4 இன்ச்தான், அதனால இதுக்கு மட்டும் ஒண்ணரை இன்ச் ஸ்க்ரூ, அதுலயும் பாதி பலகைக்குள்ளயே போயிரும். நாலு கொக்கியும் பலகைலதான் இருக்கு, சுவர்ல இல்ல. சட்டமே இல்லாத எடத்துல பின்னாடி போய் ரெக்கை விரிக்கிற டாகிள் போல்ட் போடலாம், ஆனா ஃபோம் அடைச்ச சுவர்ல ரெக்கை விரிய எடம் இருக்காது, அங்க வேலைக்கு ஆகாது.

ஓட்டையே வேண்டாம், ஒட்டுற கொக்கி போதும்னு நினைக்கிறவங்களுக்கு என் அனுபவத்தைச் சொல்லிடறேன். முதல் வருஷம் நானும் அதான் ஒட்டுனேன், ஜூலைல வண்டியைப் பூட்டி வெயில்ல விட்டுட்டு ஒரு வாரம் கழிச்சு திறந்தா ஆறு கொக்கில அஞ்சு தரைல கிடக்குது, ஒண்ணு வினைல் பேப்பரையும் உரிச்சுக்கிட்டு வந்திருக்கு, அதைப் பாத்து எனக்கு மனசே ஆறல. அப்புறம்தான் பாக்கெட்டைப் படிச்சேன், 105 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும்தான்னு போட்டிருக்கு, வால்பேப்பர்ல ஒட்டாதீங்கன்னும் போட்டிருக்கு. பூட்டுன ட்ரெய்லர் டெக்சாஸ் வெயில்ல அதையெல்லாம் எப்பவோ தாண்டிடும். அலமாரிக் கதவு, கண்ணாடி மாதிரி வழுவழு எடத்துல ஐசோப்ரொபைல் ஆல்கஹால் வச்சுத் துடைச்சு, 30 செகண்ட் அழுத்திப் பிடிச்சு, ஒரு மணி நேரம் எதையும் மாட்டாம விட்டா சாவி, தொப்பி அளவுக்குத் தாங்கும்.

பாத்ரூம்ல உறிஞ்சு பிடிக்கிற ரப்பர் கொக்கி போடுறவங்க, மலைக்குப் போனா அது சும்மா சும்மா விழுறதைப் பாத்திருப்பீங்க. அதை சுவரோட அழுத்திப் பிடிக்கிறதே காத்தோட அழுத்தம்தான், டென்வர் மாதிரி ஒரு மைல் உயரத்துல அது கடல் மட்டத்தை விட ஆறுல ஒரு பங்கு கம்மி.

ஸ்லைட் அவுட், அதாவது நிறுத்துன பிறகு வெளிய தள்ளி எடத்தைப் பெருசாக்குற பகுதி, இருக்கற வண்டின்னா ஸ்லைடை முழுசா உள்ள இழுத்து மூடி வச்சுட்டு, அப்ப மிச்சம் இருக்கற இடைவெளியை அளந்துட்டுதான் எதிர்பக்கம் கொக்கி வைக்கணும். ரெண்டு இன்ச் நீட்டிட்டு இருக்கற கொக்கி ஒண்ணு போதும், ஸ்லைடும் போகும் அலமாரியும் போகும்.

அடுத்தது ஓடும்போது என்ன ஆகுதுங்கறது. பேப்பர் டவல் ரோலைப் படுக்க வச்ச ஹோல்டர்ல மாட்டிட்டு நூறு மைல் ஓட்டுனீங்கன்னா ரோல் மொத்தமும் அவுந்து தரைல கிடக்கும், ரோலை நெட்டுக்குத்தா மாட்டுங்க, ஒரு ரப்பர் பேண்டும் போடுங்க. கப்பு தொங்குறது நிக்கும்போது அழகு, கிளம்பும்போது கழட்டிருங்க. டவல், தொப்பி, லேசான பை இருக்கலாம். தோசைக்கல்லை மட்டும் எந்தக் கொக்கிலயும் விட்டுட்டு வண்டியை எடுக்காதீங்க, ஒரு பிரேக் அடிச்சா அது எங்க பறக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. எங்க வண்டில அதுக்கு பழைய டவல் சுத்தி, அடுப்புக்குக் கீழ இருக்கற டிராயர்தான் இடம்.

பலகையை மாட்டுன பிறகு முதல் நாள் ஓட்டி முடிச்சதும் ஸ்க்ரூவை ஒரு தடவை கையால இறுக்கிப் பாருங்க. இது மாட்டி ரெண்டு வருஷம் ஆச்சு. பாருங்க, என் கையோட முழு பாரத்தையும் குடுக்கறேன், அசையவே இல்ல. அந்தக் கடைசிக் கொக்கி மட்டும் ஏன் இவ்ளோ கீழ தனியா இருக்குன்னா, அது பாப்பாவுக்கு, அவ ஜாக்கெட்டை அவளே மாட்டிக்குவா.