திண்ணையில் உட்காரவைத்த அண்டைவீட்டார்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

உள்ளே வரும்போதே ஒரு நண்பர் கேட்டார்: "மால்டோவா எங்கே சார் இருக்கு?" நியாயமான கேள்விதான். ருமேனியாவுக்கும் உக்ரைனுக்கும் நடுவில் செருகியிருக்கும் சின்ன நாடு. சென்னை ஜனத்தொகையில் பாதிகூடத் தேறாது. அந்த மாதிரி நாடுகளைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கிழக்கே, ரஷ்யாவுக்கு மேற்கிலும் தெற்கிலும் மாட்டிக்கொண்டிருக்கும் ஆறு நாடுகள்: உக்ரைன், மால்டோவா, பெலாரூஸ், ஜார்ஜியா, ஆர்மேனியா, அஜர்பைஜான். பக்கத்து வீட்டுப் பெரியவரான ஒன்றியம் தங்களை நடத்தும் விதத்தை அங்கே அதிகாரத்தில் இருப்பவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

நம் பழைய வீடுகளில் திண்ணை உண்டு. வருகிறவரை உட்காரச் சொல்லி மோர் கொடுப்பார்கள், நலம் விசாரிப்பார்கள். ஆனால் யாரை உள்ளே அழைப்பது, யாரைத் திண்ணையோடு நிறுத்துவது என்பதில் வீட்டுக்காரர் தெளிவாக இருப்பார். உட்கார்ந்திருப்பவருக்கும் அது தெரியும். யார் யாரை எங்கே நிறுத்தினார்கள் என்பது நமக்கும் தெரியாத கதை இல்லை.

2002 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையத்தின் தலைவராக இருந்த ரோமானோ புரோடி பிரஸ்ஸல்ஸில் ஓர் உரை ஆற்றினார். அண்டை நாடுகளோடு எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்வோம், நிறுவனங்களைத் தவிர என்றார். சுற்றிலும் நண்பர்களின் வளையம் வேண்டும் என்றார். அதாவது சந்தை உண்டு, பணம் உண்டு, ஆலோசனை உண்டு. முடிவெடுக்கும் மேஜையில் நாற்காலி மட்டும் கிடையாது. 2004இல் வந்த 'ஐரோப்பிய அண்டைநாட்டுக் கொள்கை'க்கு அதுதான் அடித்தளம்.

உக்ரைன் தலைநகர் கீவில் இதைக் கேட்ட அதிகாரிகளுக்கும் தூதர்களுக்கும் சுருக்கென்றது. ஏனென்றால் அதே பட்டியலில் மொராக்கோவும் எகிப்தும் அல்ஜீரியாவும் இருந்தன. 1987இல் மொராக்கோ உறுப்பினராக விண்ணப்பித்தபோது, நீங்கள் ஐரோப்பிய நாடே இல்லை என்று திருப்பி அனுப்பியது இதே ஒன்றியத்தின் முன்னோடி அமைப்புதான். ஐரோப்பிய நாடு எதுவும் விண்ணப்பிக்கலாம் என்று ஒன்றியத்தின் ஒப்பந்தத்திலேயே 49ஆவது பிரிவு சொல்கிறது. அப்படியிருக்க, உக்ரைனையும் மொராக்கோவையும் ஒரே பையில் போட்டால் என்ன அர்த்தம்? நாங்கள் ஐரோப்பாவின் அண்டைவீட்டார் அல்ல, ஐரோப்பாவுக்குள்ளேயே இருப்பவர்கள் என்பது அவர்கள் வாதம்.

இந்த வலி வெறும் கௌரவப் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். விசா வரிசையில் நின்றால் தெரியும். போலந்து ஒன்றியத்தில் சேரத் தயாரானபோது, 2003 அக்டோபரில் உக்ரைனியர்களுக்கு விசா கட்டாயமானது. அதுவரை லிவீவ் பக்கத்து ஜனங்கள் எல்லை தாண்டிப் போய் விற்று வாங்கிவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். 2005இல் யூரோவிஷன் பாட்டுப் போட்டி கீவில் நடந்தது. அதற்காக ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு உக்ரைன் விசாவை நீக்கியது. போட்டி முடிந்த பிறகும் கதவை மூடவில்லை. பதில் மரியாதை எப்போது வந்தது? 2017 ஜூன் 11. பன்னிரண்டு வருஷம்! தெருமுனை டீக்கடைக்காரர் முதல் அமைச்சர் வரை உக்ரைனில் எல்லோருக்கும் புரிந்த வெளியுறவுக் கொள்கை அதுதான்.

2008 ஆகஸ்டில் ரஷ்யா ஜார்ஜியாவுக்குள் படையோடு நுழைந்தது. அதே ஆண்டு போலந்தும் ஸ்வீடனும் சேர்ந்து இந்த ஆறு நாடுகளுக்காக முன்வைத்திருந்த 'கிழக்குக் கூட்டாண்மை' திட்டத்துக்கு அந்தப் போர் வேகம் கொடுத்தது. 2009 மே 7 அன்று பிராக் நகரில் தொடக்க விழா. ஜெர்மனியின் தலைவர் ஏஞ்சலா மெர்கல் வந்தார். பிரான்ஸ் அதிபர் சர்க்கோஸி வரவில்லை, பிரிட்டன் பிரதமர் கார்டன் பிரவுன் வரவில்லை. கல்யாணத்துக்கு யார் வந்தார்கள் என்பதைவிட யார் வரவில்லை என்பதைத்தானே நாமும் கணக்கெடுப்போம்? கிழக்கிலிருந்து வந்தவர்களும் அப்படித்தான் கணக்கெடுத்தார்கள்.

இனி வில்னியஸ். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

2013 நவம்பர் இறுதி, லிதுவேனியாவின் தலைநகரில் உச்சி மாநாடு. ஒன்றியத்தோடு உக்ரைன் கையெழுத்திட வேண்டிய அரசியல், வர்த்தக ஒப்பந்தம் ஆயிரம் பக்கத்துக்கு மேல். உணவுப் பொருள் தர விதிகள் முதல் நீதித்துறை வரை அதில் உண்டு. ஒரு வாரம் முன்னால் கீவ் பின்வாங்கிவிட்டது. விருந்துக் கூடத்தில் நடந்த உரையாடல் ஒன்று வீடியோவாகவே வெளிவந்தது. மெர்கலும் லிதுவேனிய அதிபர் கிரிபவுஸ்கைட்டேவும் நிற்கிறார்கள். உக்ரைன் அதிபர் யானுகோவிச் கைகளை ஆட்டி ஆட்டி விளக்குகிறார்: மூன்றரை வருஷமாக நான் தனியாக, சமமில்லாத நிலையில், பலமான ரஷ்யாவோடு நேருக்கு நேர் நிற்கிறேன் என்கிறார். நாங்கள் இதைவிட அதிகம் எதிர்பார்த்தோம் என்கிறார் மெர்கல்.

அந்தச் சில நிமிஷத்தில் இரண்டு பக்கமும் அப்பட்டமாகத் தெரிகிறது. பிரஸ்ஸல்ஸ் அதை ஒரு தொழில்நுட்ப ஆவணமாகப் பார்த்தது. மாஸ்கோ அதை எல்லைக் கல்லாகப் பார்த்தது. நடுவில் நின்ற யானுகோவிச் அதை ஏலச்சீட்டாகப் பார்த்தார். ஐரோப்பா உடனடிக் கடனாக முன்வைத்த தொகை 61 கோடி யூரோ. புதின் டிசம்பர் 17 அன்று அறிவித்தது 1,500 கோடி டாலரும், ஆயிரம் கன மீட்டருக்கு 400 டாலர் அளவில் இருந்த எரிவாயு விலையை 268.5 டாலராகக் குறைப்பதும். யானுகோவிச் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் மாளிகையின் படங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆனால் தனியாக நிற்கிறேன் என்று அவர் சொன்னதை, அவரை வெறுத்த உக்ரைனிய அரசியல்வாதிகளும் முழுதாக மறுக்க முடியவில்லை. அடி விழுந்தால் ஐரோப்பா நிபுணர் குழுவைத்தான் அனுப்பும் என்ற நினைப்பு அங்கே பரவலாகவே இருந்தது.

மால்டோவாவுக்கு அந்த அடி வைன் பாட்டில் வழியாக வந்தது. 2006இல் ரஷ்யா மால்டோவா வைனுக்குத் தடை போட்டது, சுகாதாரக் காரணம் சொல்லி. அந்த நாட்டின் வைனில் பெரும்பகுதி ரஷ்யாவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. 2013 செப்டம்பரில், வில்னியஸ் நெருங்கும்போது, மறுபடி தடை. அதே மாதம் தலைநகர் கிஷினாவுக்கு வந்த ரஷ்யத் துணைப் பிரதமர் ரகோசின், இந்தக் குளிர்காலத்தில் நீங்கள் உறைந்துபோக மாட்டீர்கள் என்று நம்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நலம் விசாரிப்பு மாதிரி ஒரு மிரட்டல்.

சரி, இதுவரை சொன்னதெல்லாம் அவர்களுடைய குறை. உண்மையான குறைதான். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. திண்ணையில் உட்காரவைத்துவிட்டார்களே என்று புலம்பியவர்களில் பலருக்குத் திண்ணை வசதியாகவே இருந்தது. உள்ளே போக வேண்டுமென்றால் கால் கழுவ வேண்டும். திண்ணைக்கு அது தேவையில்லை.

மால்டோவாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009இல் ஆட்சிக்கு வந்த கூட்டணியின் பெயரே 'ஐரோப்பிய ஒருங்கிணைப்புக்கான கூட்டணி'. பிரஸ்ஸல்ஸுக்குச் செல்லப் பிள்ளை. 2014 ஏப்ரலில் கூட்டாண்மை நாடுகளிலேயே முதலாவதாக விசா இல்லாப் பயணம் கிடைத்தது. ஜூன் 27இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு நவம்பரில் மூன்று வங்கிகளிலிருந்து ஏறக்குறைய 100 கோடி டாலர் காணாமல் போனது தெரியவந்தது. நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் சுமார் எட்டில் ஒரு பங்கு! 2015 அக்டோபரில், அந்த ஐரோப்பியக் கூட்டணியின் பிரதமராக இருந்த விளாட் ஃபிலாட்டை நாடாளுமன்றத்திலிருந்தே விலங்கு மாட்டி அழைத்துப் போனார்கள். அதன்பின் நாட்டையே பையில் வைத்திருந்தவர் பிளாஹோத்னியுக் என்ற பெரும்பணக்காரர். அவர் கட்சியும் ஐரோப்பிய ஆதரவுக் கட்சிதான். எங்களை விட்டால் ரஷ்ய டாங்கிதான் வரும் என்பது மேற்கில் அவர்கள் விற்ற சரக்கு. அது நன்றாகவே விலைபோனது. 2018இல் தலைநகர மேயர் தேர்தலில் எதிர்க்கட்சிக்காரர் ஜெயித்தபோது தேர்தலையே நீதிமன்றம் ரத்து செய்தது. அப்போதுதான் ஒன்றியம் 10 கோடி யூரோ உதவியை நிறுத்தி வைத்தது. 2019இல் பிளாஹோத்னியுக் நாட்டைவிட்டு ஓடினார். 2025 ஜூலையில் ஏதென்ஸில் பிடிபட்டார்.

அஜர்பைஜான் தலைநகர் பாக்குவின் கணக்கு இன்னும் எளிது. அவர்களுக்கு உறுப்பினராகும் ஆசையே இல்லை. எரிவாயு இருக்கிறது, வாங்குகிறவர் தேடி வருவார். 2022 ஜூலையில் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா ஃபான் டெர் லையனே வந்து, 2027க்குள் எரிவாயு வரவை இரட்டிப்பாக்க உடன்பாடு செய்தார். மனித உரிமை பற்றி அவர்களுக்குப் பாடம் எடுப்பது கஷ்டம்.

2022 ஜூனில் கதவு திறந்தது. உக்ரைன் மீதான ரஷ்யப் போர் திறந்துவைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். உக்ரைனுக்கும் மால்டோவாவுக்கும் உறுப்பினர் வேட்பாளர் தகுதி. ஜார்ஜியாவுக்கு மட்டும், முதலில் 12 வேலைகளைச் செய்து முடியுங்கள் என்றார்கள். அதில் ஒன்று, ஆட்சியில் பெரும்பணக்காரர்களின் பிடியை அகற்றுவது.

இங்கேதான் கதை திரும்புகிறது. "நான் ஜார்ஜியன், ஆகவே நான் ஐரோப்பியன்" என்று 1999இல் ஸ்ட்ராஸ்பூர்கில் சொன்னார் ஜார்ஜிய நாடாளுமன்றத் தலைவர் ஸுராப் ஷ்வானியா. அந்த வாக்கியத்திலேயே அந்த நாட்டுப் படித்த வர்க்கம் வளர்ந்தது. 2012 முதல் ஆளும் 'ஜார்ஜியக் கனவு' கட்சிதான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அதுதான் 2017இல் விசா இல்லாப் பயணம் வாங்கித் தந்தது. ஒன்றியத்தோடு முழுமையாக இணைய எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 78ஆவது பிரிவில் எழுதியதும் அதே கட்சி. கதவு மூடியிருந்த வரை எல்லாம் சுமுகம். 2014இல் பாகுபாட்டுக்கு எதிரான சட்டத்தை விசாவுக்காகக் கொண்டுவந்தபோது திருச்சபை சீறியது, அதையும் சமாளித்தார்கள்.

ஆனால் அந்தக் கட்சியை நிறுவியவர் பிட்சினா இவானிஷ்விலி. ரஷ்யாவில் சம்பாதித்த கோடீஸ்வரர். தலைநகர் திபிலிசிக்கு மேலே மலைச்சரிவில் கண்ணாடியும் எஃகுமாக அவர் மாளிகை; ஊரில் எங்கிருந்து தலை நிமிர்ந்தாலும் கண்ணில் படும். பெரும்பணக்காரர் பிடியை அகற்று என்றால் யாரைச் சொல்கிறார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்புறம் பேச்சே மாறியது. எங்களைப் போருக்குள் இழுக்க 'உலகப் போர்க் கட்சி' ஒன்று சதி செய்கிறது என்றார்கள். 2023 டிசம்பரில் வேட்பாளர் தகுதி வந்தும் 2024 மேயில் வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகள் மீதான சட்டம் நிறைவேறியது. நவம்பர் 28 அன்று பிரதமர் கொபாகிட்ஸே, 2028 முடியும்வரை இணைப்புப் பேச்சையே எடுக்க மாட்டோம் என்று அறிவித்தார். அன்றிரவே ருஸ்தவேலி சாலையில் கூட்டம் திரண்டது. 78ஆவது பிரிவைக் காட்டி இளைஞர்கள் கேட்டார்கள்: இதை எழுதியது நீங்கள்தானே?

மால்டோவா உள்ளே காலெடுத்து வைத்தது, ஆனால் தடுமாறித்தான். 2024 அக்டோபர் பொது வாக்கெடுப்பில் ஐரோப்பாவுக்கு ஆதரவு 50 சதவீதத்தை மயிரிழையில் தாண்டியது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மால்டோவர்களின் ஓட்டு இல்லையென்றால் தோற்றிருக்கும். பழைய ஐரோப்பிய ஆதரவாளர்கள் செய்த திருட்டை ஜனங்கள் மறக்கவில்லை என்பதும் அந்த எண்ணில் இருக்கிறது.

கடைசியாக ஆர்மேனியா. ஒப்பந்தப் பேச்சை எல்லாம் முடித்துவிட்டு, 2013 செப்டம்பர் 3 அன்று மாஸ்கோ போன அதிபர் செர்ஷ் சர்க்சியான், ரஷ்யாவின் சுங்க ஒன்றியத்தில் சேர்கிறோம் என்று ஒரே நாளில் அறிவித்தார். பாதுகாப்புக்கு ரஷ்யா இருக்கிறது என்பது அப்போதைய வாதம். 2023 செப்டம்பரில், அஜர்பைஜான் படை கைப்பற்றிய நாகோர்னோ கராபாக்கிலிருந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஆர்மேனியர்கள் மூட்டை முடிச்சோடு வெளியேறியபோது அங்கிருந்த ரஷ்ய அமைதிப்படை பார்த்துக்கொண்டிருந்தது. 2025 மார்ச்சில், ஒன்றியத்தில் சேரும் பணியைத் தொடங்கச் சொல்லும் சட்டத்தை யெரெவான் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அடுப்புக்கு எரிவாயு இன்னும் ரஷ்யாவிலிருந்துதான் வருகிறது. ஆர்மேனியாவின் கியும்ரி நகரில் ரஷ்ய ராணுவத் தளமும் அப்படியே இருக்கிறது.

கேள்விகளுக்குப் போகலாம். மால்டோவா நண்பர் முதலில் கேட்கட்டும்.