சுவருக்கு அப்பால் கேட்ட பாட்டு

அவைத் தலைவர் அவர்களே, வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

நான் வளர்ந்த வீட்டை எனக்கு உடனே நினைவூட்டும் பாட்டு ஒன்று உண்டு. அது எனக்குப் பிடித்த பாட்டு அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது என் அக்காவின் பாட்டு. ஒரே மாலையில் நான்கைந்து முறை அதை ஓடவிடுவார். அடுத்த அறையில் படித்துக்கொண்டிருக்கும் நான், சத்தத்தைக் குறைக்கச் சொல்லிச் சுவரைத் தட்டுவேன். அந்தச் சுவர் இன்று இல்லை. வீடு கைமாறி, இடிபட்டு, அந்த இடத்தில் வேறொரு கட்டடம் எழுந்துவிட்டது. நானாக விரும்பிக் கேட்ட எத்தனையோ பாட்டுகளில் ஒன்றுகூட அந்த வீட்டை எனக்கு மீட்டுத் தருவதில்லை. வேண்டாம் என்று நான் சுவரைத் தட்டிய அந்த ஒரு பாட்டுதான் தருகிறது. இது ஏன் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

வீட்டு ஏக்கத்துக்கு ஒரு மருத்துவப் பெயர் வைத்தவர் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர். 1688ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பேசல் நகரப் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டில், வீடு திரும்புதல், வலி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ‘நாஸ்டால்ஜியா’ என்ற சொல்லை அவர் உருவாக்கினார். இன்று அச்சொல்லை இனிமையான ஓர் உணர்வுக்கு வழங்குகிறோம். அன்று அது நோயின் பெயர். அயல்நாட்டுப் படைகளில் கூலிக்குப் போரிட்ட சுவிஸ் வீரர்கள், தங்கள் மலைகளில் மாடு மேய்ப்போர் இசைக்கும் மெட்டு ஒன்றைக் கேட்டால் இந்த ஏக்கத்தில் நிலைகுலைந்து போவார்கள் என்று பிற்காலத்தில் பரவலாக நம்பப்பட்டது. அம்மெட்டைப் படைக்குள் இசைப்போருக்கு மரண தண்டனை என்று தடை இருந்ததாக, 1768இல் வெளிவந்த தம் இசை அகராதியில் சிந்தனையாளர் ரூசோ எழுதுகிறார். கேட்டவர்கள் அழுதார்களாம், படையை விட்டு ஓடினார்களாம், இறந்தும் போனார்களாம். தடை மெய்யோ கதையோ, அது கிடக்கட்டும். அடுத்து அவர் சொல்வதுதான் நமக்கு வேண்டியது. அந்த மெட்டைத் தேடிப் பார்த்தால் அப்படி உலுக்கும் ஆற்றல் எதுவும் அதில் இல்லை, வெளியாரை அது ஒன்றும் செய்வதுமில்லை. இசை அங்கே இசையாகச் செயல்படவில்லை, நினைவின் அடையாளமாகச் செயல்படுகிறது என்கிறார் அவர்.

இசைவாணர்கள் சிலர் இந்த அவையில் இருப்பதால் சற்றுத் தயக்கத்தோடு சொல்கிறேன்: வீட்டை நினைவூட்டுவதற்குப் பாட்டு நல்ல பாட்டாக இருக்க வேண்டியதில்லை. அது நம் காலத்துப் பாட்டாகக்கூட இருக்க வேண்டியதில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் கரோல் க்ரம்ஹான்ஸல் 2013இல் தம் சக ஆய்வாளர் ஒருவருடன் வெளியிட்ட ஆய்வில், இருபது வயதை ஒட்டிய இளைஞர்களுக்குப் பல பத்தாண்டுகளின் புகழ்பெற்ற பாடல்கள் ஒலிக்கவிடப்பட்டன. தாங்கள் பிறப்பதற்கு முன்பே, தங்கள் பெற்றோர் இளைஞராக இருந்த காலத்தில் வந்த பாடல்களும் அவர்களுடைய சொந்த நினைவுகளைக் கிளறின. அப்பாடல்களை அவர்கள் தேடிப் போயிருக்க வேண்டியதில்லை. வளர்ந்த வீட்டில் அவை ஒலித்துக்கொண்டிருந்தாலே போதும்.

நமக்குப் பிடித்த பாட்டின் நிலை வேறு. அதை நாம் விடுவதில்லை. விடுதி அறையில் கேட்கிறோம், பயணத்தில் கேட்கிறோம், தூக்கம் வராத இரவுகளில் கேட்கிறோம். ஒரே தூண்டுதலோடு பல நினைவுகள் பிணைந்துவிட்டால், அவற்றில் எந்த ஒன்றையும் தனியே எழுப்புவது அதற்குக் கடினமாகிவிடும் என்று நினைவை ஆராய்வோர் கூறுகிறார்கள். என் பாட்டுகளுக்கெல்லாம் அப்படிப் பத்துப் பதினைந்து முகவரிகள் சேர்ந்துவிட்டன. அக்காவின் பாட்டை வீட்டை விட்டு வந்த பிறகு நான் ஒருமுறைகூடப் போட்டுக் கேட்கவில்லை. அதற்கு இருந்தது ஒரே முகவரி.

அண்மையில் ஒரு நெடும்பயணத்தில், வண்டி ஓட்டியவர் வைத்திருந்த பாடல்களுக்கு நடுவே அது வந்தது. அந்தப் பாட்டு இருந்த கேசட்டில் ஒரு குறை உண்டு. அதற்குக் காரணம் நான்தான். ஒருநாள் விசைமாறி அழுத்தி, இரண்டாம் சரணத்தில் சில நொடிகளை அழித்து, அந்த இடத்தில் வீட்டுச் சத்தத்தைப் பதிவு செய்துவிட்டேன். அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பாட்டு எப்போது ஓடினாலும், சரணத்தின் நடுவே நாற்காலி இழுபடும், பின்கதவுத் தாழ்ப்பாள் சிக்கி இரண்டாம் முறை போடப்படும், “யாருடா அங்கே, கதவைச் சாத்து” என்று அம்மாவின் குரல் வரும், பாடகி பாதிச் சொல்லில் மறுபடி தொடங்குவார். வண்டியிலோ அவர் எந்தத் தடையும் இல்லாமல் அந்த வரியை முழுதாகப் பாடிவிட்டுப் போனார். என் காதில் அந்த வரி ஏறவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் தாழ்ப்பாள்தான் கேட்டது. அந்தத் தாழ்ப்பாள் ஒரே முறையில் விழாது என்பதையே நான் பல ஆண்டுகளாக மறந்திருந்தேன். எங்களிடம் அந்த வீட்டின் ஒளிப்படங்கள் நான்கைந்து உண்டு. எல்லாவற்றிலும் வீட்டின் முகப்பும் அதன் முன்னே விறைப்பாக நிற்கும் நாங்களும் இருக்கிறோம். பின்கதவு எதிலும் இல்லை.

அன்றிரவே அக்காவைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அவருக்கு அந்தப் பாட்டு இப்போது எதையும் நினைவூட்டுவதில்லையாம். பிறகு குடியிருந்த எல்லா வீடுகளிலும் அதைக் கேட்டுக் கேட்டு, அது வெறும் பாட்டாகிவிட்டது என்றார். சற்று நேரம் கழித்து, “நீ குளிக்கும்போது ஒன்றைச் சீட்டியடிப்பாயே, அது என்ன பாட்டு? அதை எங்கேயாவது கேட்டால் எனக்கு அந்த வீடுதான் வருகிறது” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவரே இரண்டு வரி முனகிக் காட்டினார். மெட்டு எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஓரிடத்தில் சுருதி விலகியது. “தப்பாகப் பாடுகிறாய்” என்றேன். “நீ அப்படித்தான் அடிப்பாய்” என்றார் அக்கா.