விருந்தாளி அல்லர், பார்வையாளரே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

“பல சுற்று விருந்தில் உண்பவர் விருந்தாளியா, பார்வையாளரா?” என்பது இன்றைய தலைப்பு. என்னென்ன வரும் என்பதைச் சமையற்காரரே முடிவு செய்து ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும், மேலை நாடுகளில் டேஸ்டிங் மெனு என்று வழங்கும் அந்த விருந்துக்காக வாதாடிய எதிரணித் தலைவர் மூன்று செய்திகளைச் சொல்லி அமர்ந்தார். சமையற்காரர் ஒரு கலைஞர், ஆகவே அவர் போக்கில் விடுவதே மரியாதை என்றார். கொஞ்சம் கொஞ்சமாகப் பதினைந்து இருபது வகைகள் வருவதால் யாரும் பசியோடு எழுவதில்லை என்றார். நாம் கொடுக்கும் பணம் அடுப்படியில் உழைப்பவர்களுக்குப் போய்ச் சேருகிறது என்றார். அவர் பேசிய அழகில் கட்சி மாறிவிடலாமா என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. ஆனால் நான் அப்படியொரு விருந்தில் உட்கார்ந்து எழுந்தவன் என்பதால் மாற முடியவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் என் துணைவியாரும் ஸ்பெயினின் வடகரையில், பாஸ்க் மக்களின் நிலத்தில் இருக்கும் சான் செபாஸ்டியனுக்குப் போயிருந்தோம். டொனோஸ்டியா என்பது அந்த ஊருக்குப் பாஸ்க் மொழியில் உள்ள பெயர். ஊர் சிறிது, ஆனால் அந்த ஊருக்கு இத்தனையா என்று வியக்கும்படி மிச்செலின் என்னும் உணவகக் கையேடு நட்சத்திரம் கொடுத்துச் சிறப்பித்த உணவகங்கள் அங்கும் சுற்றுப்புறத்திலும் நெருங்கிக் கிடக்கின்றன. பால் பொக்கூஸ் போன்ற சமையற்கலைஞர்கள் பிரான்சில் செய்த மாற்றத்தைக் கண்டு, 1976 வாக்கில் ஹுவான் மாரி அர்சாக், பெத்ரோ சுபிஹானா முதலிய பாஸ்க் சமையற்கலைஞர்கள் தங்கள் மண்ணின் சமையலைப் புதுப்பிக்கப் புறப்பட்டதில் தொடங்கிய புகழ் அது. நாங்கள் போனது அவர்களுடைய உணவகங்களுக்கு அன்று, வேறொன்றுக்கு. அதன் பெயர் இங்கே வேண்டாம், ஏனென்றால் என் வழக்கு அந்தக் கடையோடு இல்லை, அந்த முறையோடுதான்.

இரண்டு மாதங்களுக்கு முன்பே இடம் பிடித்து, முழுப் பணத்தையும் கட்டி, வராவிட்டால் ஒரு காசும் திரும்பாது என்ற நிபந்தனைக்கும் தலையாட்டிவிட்டுத்தான் போனோம். இரவு எட்டரைக்கு உட்கார்ந்தோம். மொத்தம் பதினேழு சுற்று. ஒவ்வொரு தட்டும் வந்து இறங்கியதும் பரிமாறும் இளைஞர் இடக்கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு, அந்தப் பாசி எந்தப் பாறையில் படர்ந்தது, அந்த வெங்காயம் எத்தனை மணி நேரம் சாம்பலில் புதைந்திருந்தது என்று விளக்குவார். நாங்கள் கரண்டியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருப்போம். அவர் பேசி முடிக்க ஒன்றரை நிமிடம் ஆனது. நாங்கள் தின்று முடிக்கப் பத்து விநாடி ஆனது. செவிக்குத் தாராளம், வயிற்றுக்குச் சிறிது. கூழாங்கல்லின் மேல் வைத்த நுரை ஒன்று வந்தபோது, எது உணவு, எது கல் என்று என் துணைவியார் அடங்கிய குரலில் கேட்டார்; எனக்கும் தெரியவில்லை.

ஒன்பதாம் சுற்றை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். கொகோச்சா என்பது ஹேக் மீனின் தாடைக்கு அடியிலுள்ள சிறு சதைத்துண்டு. அதைப் பூண்டும் சிறிது மிளகாயும் இட்ட ஆலிவ் எண்ணெயில், தீயைத் தணித்து, சட்டியை விடாமல் சுழற்றிச் சுழற்றிச் சமைப்பார்கள். மீனிலிருந்து கசியும் ஜெலட்டினும் எண்ணெயும் கலந்து, மாவோ பாலோ சேராமலே, இளமஞ்சள் நிறத்தில் ஒரு குழம்பு திரண்டு வரும். இதற்குப் பில்-பில் என்று பெயர். தட்டில் இரண்டே துண்டுகள். வாயில் வைத்ததும் நான் பேச்சை நிறுத்திவிட்டேன். துண்டுகள் தீர்ந்த பின்னும் தட்டின் குழிவில் இரண்டு கரண்டி அளவுக்குக் குழம்பு தேங்கியிருந்தது. அந்த ஊரில் யாராக இருந்தாலும் அடுத்துச் செய்யக்கூடிய காரியம் ஒன்றுதான்: ரொட்டியைக் கிள்ளித் தட்டை வழித்துவிடுவார்கள். நானும் பரிமாறுபவரை அழைத்துச் சிறிது ரொட்டி கேட்டேன். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் தெரிந்தது. “ரொட்டி ஐந்தாம் சுற்று, ஐயா. அது முடிந்துவிட்டது” என்றார். சொல்லிவிட்டு, அந்தக் குழம்போடு தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நடுவர் அவர்களே, பன்னிரண்டாம் சுற்றில் இதற்கு நேர் எதிரானது நடந்தது. என் துணைவியாருக்கு வயிறு நிரம்பிவிட்டது. போதும் என்று கரண்டியை வைத்தார். உடனே ஒருவருக்கு இருவராக வந்து, சமையலில் ஏதேனும் பிழையா, ஒவ்வாமையா, மாற்றித் தரட்டுமா என்று கேட்டார்களே ஒழிய, போதும் என்ற சொல்லுக்குப் போதும் என்றுதான் பொருள் என்பது அவர்களுக்கு எட்டவில்லை. மீதி ஐந்து சுற்றும் அவர் முன்னால் வந்து இறங்கி, தொடப்படாமல் திரும்பின. நாங்கள் வெளியே வந்தபோது நள்ளிரவு கடந்திருந்தது.

யாரும் பசியோடு எழுவதில்லை என்றாரே எதிரணித் தலைவர், அதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் பசியோடு எழவில்லை, விருந்துண்டவர்களாகவும் எழவில்லை. நம் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தவருக்கு இரண்டு சொற்கள் சொந்தம்: ஒன்று “இன்னும் கொஞ்சம்”, மற்றொன்று “போதும்”. பரிமாறுபவர் எவ்வளவு வற்புறுத்தினாலும், இலையின் மேல் கையைக் குறுக்கே நீட்டிவிட்டால் கரண்டி அங்கேயே நின்றாக வேண்டும். அந்த இரண்டு சொற்களுக்கும் இடமில்லாத மேசையில் உட்கார்ந்திருப்பவரை விருந்தாளி என்று எதிரணியினர் எந்த நெஞ்சோடு அழைக்கிறார்கள்?

இது ஐரோப்பாவின் தொன்றுதொட்ட வழக்கம் என்றும் எண்ணிவிட வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பிரெஞ்சுப் பெருவிருந்துகளில் ஒரு வரிசைக்குரிய பதார்த்தங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மேசைமேல் பரப்பப்பட்டன. கைக்கு எட்டியதை அவரவர் விருப்பம்போல் எடுத்துக்கொண்டனர். அதன் பிறகுதான், ரஷ்ய முறை என்ற பெயரில், ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவந்து பரிமாறும் பழக்கம் பரவியது. அதனால் உணவு சூடாக வந்தது, நல்லதுதான். ஆனால் எது முதலில், எது பின்னால் என்று முடிவு செய்யும் உரிமை அன்றைக்கே மேசையை விட்டு அடுக்களைக்குக் குடிபோகத் தொடங்கிவிட்டது. அப்போதும் உணவகத்தில் பட்டியலைப் பார்த்து வேண்டியதைக் கேட்கும் வாய்ப்பு மிஞ்சியிருந்தது. டேஸ்டிங் மெனு அதையும் வாங்கி வைத்துக்கொண்டது.

சமையற்காரர் கலைஞர் என்கிறார்கள். யார் மறுத்தது? கச்சேரி மேடையில் இருப்பவரும் கலைஞர்தான். அங்கே ரசிகர் ஒருவர் சீட்டு எழுதி மேடைக்கு அனுப்புகிறார். வித்துவான் அதைப் படித்துச் சிரித்துவிட்டுத் துக்கடாவில் அந்தப் பாட்டைச் சேர்த்துக்கொள்கிறார். எதிரில் இருப்பவர்களின் முகத்தைப் பார்த்து ஆலாபனையை நீட்டுகிறார், சுருக்குகிறார். என் முகத்தை அந்த இரவில் எந்தக் கலைஞரும் பார்க்கவில்லை. அவர் கதவுக்குப் பின்னால் இருந்தார். கடைசியில் கைகுலுக்க மட்டும் வந்தார்.

உழைப்பவர்களுக்குப் போகும் பணம் என்ற வாதத்தில் நான் அதிக நேரம் நிற்க விரும்பவில்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் உள்ள நோமா என்ற உணவகம், உலகின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் 2010 முதல் 2021 வரையிலான காலத்தில் ஐந்து முறை முதலிடம் பெற்றது. அங்கேகூடப் பயிற்சிக்கு வந்த இளைஞர்களுக்கு 2022 அக்டோபரில்தான் ஊதியம் கொடுக்கத் தொடங்கினார்கள். அடுத்த சில மாதங்களில், 2023 ஜனவரியில், இப்படி உணவகம் நடத்துவது நீடித்து நிற்கக்கூடியது அன்று என்று அதன் தலைமைச் சமையலர் ரெனே ரெட்செப்பியே சொன்னார். எதிரணிக்கு இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

பயணத்தில் இருப்பவருக்கு இந்த இழப்பு இன்னும் பெரிது. எங்களுக்கு அந்த ஊரில் இரண்டே இரவுகள். மூன்று நட்சத்திரம் என்றால் அதற்காகவே தனிப் பயணம் போகலாம் என்பது மிச்செலின் கையேட்டின் இலக்கணம். 1900-இல் அந்தக் கையேட்டைத் தொடங்கியது ஒரு டயர் நிறுவனம் என்பதால், நாம் எவ்வளவு தூரம் போனாலும் அவர்களுக்கு நட்டமில்லை. நமக்குத்தான் ஓர் இரவு போய்விடுகிறது.

மறுநாள் பழைய நகரத்தின் சந்துக்குள் போனோம். நின்றுகொண்டே சாப்பிடும் கடை. பரிமாறும் மேசை முழுவதும் பிஞ்சோ என்னும் சிற்றுணவுகள். ஊறவைத்த பச்சை மிளகாய், நெத்திலி, ஆலிவ் மூன்றையும் பல்குச்சியில் கோத்த கில்டா என்ற ஒன்றைக் காட்டினேன்; நன்றாக இருந்தது; இன்னொன்று கேட்டேன்; தந்தார்கள். சிறிது நேரம் கழித்து, முதல் நாள் நான் இழந்த அதே பில்-பில் ஒரு மண்சட்டியில் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், கடைக்காரர் அரை முழம் ரொட்டியை அறுத்துச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார். கடைசியில் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று எங்களையே கேட்டு, நாங்கள் சொன்ன கணக்குக்குப் பணம் வாங்கிக்கொண்டார்.

எனக்குப் பின் பேசவிருக்கும் எதிரணி நண்பருக்கு ஒரு வேண்டுகோள். பல சுற்று விருந்தின் பெருமையை அவர் தாராளமாகச் சொல்லட்டும். அதற்கு முன், அந்தக் குழம்பு தட்டில் தேங்கியிருக்க, ரொட்டி முடிந்துவிட்டது என்று சொன்னபோது, என் இடத்தில் அவர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பதை மட்டும் இந்த அவைக்குச் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.