75 சதவீத ஆதரவாம்! எங்க தெரு தண்ணி சர்வே

வணக்கம் மக்களே! பத்தாம் வகுப்பு நிகழ்தகவோட அடுத்த பகுதி நாளைக்கு வரும். இன்னைக்கு செம கடுப்புல இருக்கேன்.

தண்ணி காலையில விடலாமா, சாயங்காலமான்னு நலச்சங்கம் வாட்ஸப்புல ஒரு கூகுள் ஃபார்ம் போட்டாங்க. 60 வீட்டுல பதில் வந்துச்சு, 45 வீடு சாயங்காலம். உடனே '75 சதவீத ஆதரவு'ன்னு நோட்டீஸ் ஒட்டிட்டாங்க!

45-ஐ 60-ஆல வகுத்தா 0.75, சரிதான். ஆனா அது பதில் போட்ட வீடுங்களுக்கு மட்டும்தானே? தெருவுல 240 வீடு இருக்கே! மீதி 180-ம் காலைன்னு சொன்னா 45/240, 19 சதவீதம்கூட வராது. 180-ம் சாயங்காலம்னா 225/240, கிட்டத்தட்ட 94. உண்மை இதுக்கு நடுவுல எங்க வேணா இருக்கலாம்!

ஆங், சொல்ல விட்டுட்டேன், பொதுக்குழாய்ல குடத்தோட நிக்கிற அக்காங்க பாதிப்பேர் அந்த குரூப்லயே கிடையாது.

1936-ல அமெரிக்க ஜனாதிபதி தேர்தல்ல இதேதான் நடந்துச்சு. லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஒரு கோடி பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல திரும்பி வந்து, லேண்டன்தான் ஜெயிப்பார்னு போட்டாங்க. ரூஸ்வெல்ட் 48 மாநிலத்துல 46-ஐ அள்ளிட்டார்! முகவரிய டெலிபோன் டைரக்டரி, கார் பதிவுப் பட்டியல்ல இருந்து எடுத்தா? பொருளாதார மந்த காலத்துல போனும் காரும் யார்கிட்ட இருக்கும்? வெறும் 50,000 பேர வச்சு ஜார்ஜ் காலப்-ங்கிற கருத்துக்கணிப்பாளர் ரூஸ்வெல்ட்தான்னு சரியா சொன்னார். எத்தனை பேருங்கிறத விட யாரைக் கேட்டோம்ங்கிறதுதான் முக்கியம்.

அதான் நானே இறங்கிட்டேன். எங்க தெரு கடையில கேள்வித்தாள் ஜெராக்ஸ் ஒரு பக்கம் 3 ரூபாயாம்! பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒன்றரை ரூபா. "பேப்பர் விலை ஏறிடுச்சு"ங்கிறார் கடைக்காரர். இங்க மட்டுமா ஏறுச்சு? நடந்தே போய் பஸ் ஸ்டாண்டுல எடுத்துட்டேன், அதுல எனக்கு அவ்ளோ சந்தோஷம்!

240 கதவு எண்ணையும் சீட்டுல எழுதி, எவர்சில்வர் தூக்குல போட்டு நல்லா குலுக்கி 24 எடுத்தேன். இதுவரை 20 வீட்டுல பேசியாச்சு. சாயங்காலம் கேட்டது 8 வீடு. 8/20, அதாவது 0.4. சின்ன சாம்பிள்தான், முன்னபின்ன இருக்கும், ஆனா அந்த 75 எங்க, இது எங்க!

மீதி 4 வீடு பூட்டியிருக்கு. "அதுக்குப் பதிலா பக்கத்து வீட்டுல கேட்டுக்கோங்க"ன்னு சிலர் சொன்னாங்க. அது மட்டும் கூடாது! அப்படிச் செஞ்சா பகல்ல வீட்டுல இருக்கிறவங்க பதில்தான் கூடும், வேலைக்குப் போறவங்க மறுபடி விட்டுப் போவாங்க. அதனால நைட்டு எட்டு மணிக்கு மேல அதே 4 கதவத் தட்டப் போறேன்.